எட்டு ஒடிசா பசங்களும் 39 சீட்டும் (வாசகர் கடிதம்)

வணக்கமுங்க அண்ணா,

உங்க சைட்டை ரொம்ப நாளா படிச்சுட்டு வர்றேன், எழுதுறது இதுதான் முதல் தடவை. பல்லடம் பக்கத்துல சின்னதா ஒரு தையல் ஜாப் ஒர்க் யூனிட் வெச்சிருக்கேனுங்க. பேர் போட வேண்டாம், இங்க எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

தமிழ்நாட்டுல பிறப்பு குறைஞ்சுட்டே வருதுன்னு போன பதிவுல எழுதியிருந்தீங்க. ஆனா 2011 சென்சஸ்ல நம்ம ஜனத்தொகை பதினஞ்சரை பர்சன்ட் கூடியிருக்குன்னும், அதுக்கு முந்தின பத்து வருஷத்துல பன்னெண்டு கூட இல்லைன்னும் எங்க குரூப்ல ஒருத்தர் போட்டார். தேடிப் பார்த்தேன், நிஜந்தானுங்க. பிறப்பு குறையுது, ஜனம் மட்டும் வேகமா கூடுதுன்னா அந்தக் கூடுன ஆளுங்க யாரு? திருப்பூர் ஸ்டேஷன்ல தன்பாத் எக்ஸ்பிரஸ் வந்து நிக்கும்போது இறங்குற கூட்டத்தைப் பார்த்தா எனக்கு வேற பதில் தோணல. நான் படிச்ச ஆரம்பப் பள்ளிக்கூடத்துல இன்னைக்கு இருபது பிள்ளைங்க கூட இல்ல, அதுலயும் பாதி வடக்க இருந்து வந்தவங்க பிள்ளைங்க. இன்னும் இருபது வருஷத்துல நாம இங்க மைனாரிட்டின்னு பேசிக்கறாங்க.

அதுபோக ஜனத்தொகையை வெச்சு எம்பி சீட்டைத் திரும்பப் பிரிக்கிற விஷயம். குடும்பக் கட்டுப்பாடு பண்ணுன நமக்குக் குறையுமாம், பண்ணாதவங்களுக்குக் கூடுமாம். அப்ப நாமளும் மூணு நாலு பெத்துக்கணுமா? எனக்கு ஒரு பொண்ணுதான், வீட்டுல ரெண்டாவது வேண்டவே வேண்டாம்னுட்டாங்க.

என் யூனிட்லயே எட்டு ஒடிசா பசங்க இருக்காங்க. நல்ல பசங்க, அவங்க மேல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்லீங்க. நம்ம ஆளுங்க வேலைக்கு வர மாட்டேங்கறாங்க, அதையும் சொல்லிடறேன். தப்பா எழுதியிருந்தா மன்னிச்சுக்குங்க.

ஒரு வாசகர், பல்லடம்

*

அன்புள்ள தம்பி,

மன்னிப்பு எல்லாம் எதுக்கு, நம்பரைத் தேடிப் பார்த்துட்டு கேள்வி கேக்குறவங்க ரொம்பக் கம்மி. அதுவும் உங்க முதல் கேள்வி நல்ல கேள்வி, பல பேரு அதைத் தொடாமலே தாண்டிப் போயிடறாங்க, அதனால அங்கயே ஆரம்பிக்கிறேன்.

2001ல நாம 6.24 கோடி, 2011ல 7.21 கோடி. கூடுனது கிட்டத்தட்ட 97 லட்சம், சதவீதத்துல 15.6. அதுக்கு முந்தின பத்து வருஷத்துல 11.7தான். இப்ப நீங்க ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்க. அந்தப் பத்து வருஷத்துல தமிழ்நாட்டுல ஆயிரம் பேருக்கு வருஷத்துக்கு பதினாறுல இருந்து பத்தொம்பது பிறப்பு, ஏழு ஏழரை சாவு. கழிச்சா சராசரியா ஒம்போது, ஒம்போதரை மிஞ்சும். அதை அப்போதைய ஜனத்தொகைக்குப் போட்டு பத்து வருஷத்துக்குக் கூட்டுனா அறுபது அறுபத்தஞ்சு லட்சம் வரும். சென்சஸ் சொல்றது 97. அப்ப முப்பது லட்சத்துக்கு மேல எங்கிருந்தோ வந்திருக்கு. உங்க குரூப்காரர் இந்த இடத்துலதான் 'பாத்தீங்களா'ன்னு கை தட்டியிருப்பார்.

சரி, அந்த முப்பது லட்சமும் ரயில்ல இறங்குன வடக்கத்தி ஆளுங்கதான்னு வெச்சுக்குவோம். அப்படின்னா அதே சென்சஸ்ல மொழிக் கணக்குலயும் அது தெரியணும் இல்லையா? தமிழ்நாட்டுல இந்தி தாய்மொழின்னு சொன்னவங்க 2001ல சுமார் 1.9 லட்சம், 2011ல 3.9 லட்சம். டபுள் ஆயிருக்கு, உண்மை. ஆனா கூடுனது ரெண்டே லட்சம். இந்திங்கிற தலைப்புக்குள்ளதான் மார்வாடி, போஜ்பூரி எல்லாத்தையும் சென்சஸ் சேர்த்துப் போடும், அதனால சௌகார்பேட்டையில மூணு தலைமுறையா கடை வெச்சிருக்கிற குடும்பங்களும் அந்த 3.9 லட்சத்துல உண்டு. ஒடியா, பெங்காலி, அஸ்ஸாமி எல்லாம் சேர்த்தாலும் முப்பது லட்சம் பக்கத்துலயே வராது. 2011ல இந்தி பேசுறவங்க மொத்த ஜனத்தொகையில அரை பர்சன்ட், தமிழ் பேசுறவங்க 88 பர்சன்ட், தெலுங்கு பேசுறவங்க கிட்டத்தட்ட ஆறு பர்சன்ட். தெலுங்கு பேசுறவங்க நேத்து ரயில்ல வந்தவங்க இல்லைன்னு கொங்கு நாட்டுக்காரர் உங்களுக்கு நான் சொல்லணுமா.

அப்ப மிச்சம் யாரு? ஆய்வாளர்கள் சொல்றது ரெண்டு மூணு காரணம், மூணும் கலந்துதான் இருக்கணும்னு எனக்குத் தோணுது. 2001 சென்சஸ்லயே கொஞ்சம் பேர் விட்டுப் போயிருக்கலாம், அப்ப அடுத்த தடவை சரியா எண்ணும்போது வளர்ச்சி ஜாஸ்தியா தெரியும். அடுத்தது, முன்னாடி பெங்களூருக்கும் பம்பாய்க்கும் போய்க்கிட்டிருந்த நம்ம ஆளுங்கள்ல நிறைய பேர் போறதை நிறுத்திட்டாங்க, ஸ்ரீபெரும்புதூரும் ஓசூரும் திருப்பூரும் இங்கயே வேலை குடுத்துச்சு, வெளிய போற கணக்கு குறைஞ்சாலே உள்ள இருக்கிற கணக்கு கூடத்தான செய்யும். மூணாவதாத்தான் உள்ள வந்தவங்க, அதுலயும் ஆந்திரா, கேரளா, கர்நாடகான்னு பக்கத்து மாநிலத்துக்காரங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

இதுல ஒரு ஓட்டை இருக்கு, அதை மறைக்க மாட்டேன். கம்பெனி ஷெட்டுல, கட்டட சைட்டுல தகரக் கொட்டகையில தங்குற ஆளுங்களை சென்சஸ்காரங்க முழுசா எண்ணுனாங்களான்னா, இல்லைன்னுதான் நினைக்கிறேன். தொழிலாளர் துறை 2015-ஐ ஒட்டி எடுக்க வெச்ச ஆய்வுல வெளி மாநிலத் தொழிலாளர்கள் பத்தரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேலன்னு வந்துச்சு. அதுக்கப்புறம் நல்லாவே கூடியிருக்கும். மூணு மடங்குன்னே வெச்சுக்குங்க, ஏழரைக் கோடியில அது நாலு பர்சன்ட் சொச்சம். இருபது வருஷத்துல மைனாரிட்டின்னு சொல்றவர்கிட்ட, நாலு எப்படி அம்பதாகும், வருஷா வருஷம் எத்தனை பேர் வந்து எத்தனை பேர் இங்கயே தங்கணும்னு ஒரு பேப்பர் பேனா குடுத்து கேளுங்க. பார்வேர்டு பண்றதை விட்டுட்டு கணக்கு போட உக்காந்தார்னா அதுவே பெரிய லாபம்.

பிறப்பு குறைஞ்சும் ஜனம் ஏன் உடனே குறையலன்னு கேக்குறீங்க. எழுபதுகள்லயும் எம்பதுகள்லயும் பிறந்தவங்க பெரிய கூட்டம். வீட்டுக்கு ரெண்டுன்னு குறைச்சாலும் பெத்துக்கிற ஜோடிங்க எண்ணிக்கை ஜாஸ்தி, அதனால மொத்தப் பிறப்பு உடனே விழாது, அதே சமயம் வயசானவங்களும் முன்னைவிட ரொம்ப நாள் இருக்காங்க. ஒரு பொண்ணுக்கு சராசரியா ரெண்டு குழந்தைங்கிற அளவை நாம 1993 வாக்குலயே தொட்டுட்டோம், பெரிய மாநிலங்கள்ல நமக்கு முன்னாடி கேரளா மட்டும்தான். மத்திய அரசோட மாதிரிப் பதிவு முறை (எஸ்ஆர்எஸ்) 2020 கணக்குல அது 1.4 ஆயிடுச்சு, தேசிய குடும்ப நல ஆய்வோட 2019-21 சுத்துல 1.8. எதை எடுத்தாலும் ரெண்டுக்குக் கீழதான். அந்தப் பெரிய கூட்டம் பெத்துக்கிற வயசைத் தாண்டத் தாண்ட வேகம் குறைஞ்சுட்டே வரும். மத்திய அரசு அமைச்ச நிபுணர் குழுவோட கணிப்புல 2021ல சுமார் 7.6 கோடி, 2036ல 7.8 கோடி. பதினஞ்சு வருஷத்துல கூடுறது இருபது லட்சம் கூட இல்ல. அறுபது வயசுக்கு மேல இருக்கிறவங்க 2021ல 13.6 பர்சன்ட், 2031ல 18க்கு மேல. பெரிய மாநிலங்கள்ல கேரளாவுக்கு அடுத்து நாமதான்.

இதெல்லாம் எமர்ஜென்சி கால கட்டாய ஆபரேஷனால வந்தது இல்ல, ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சது. 1951 சென்சஸை நடத்துன ஆர்.ஏ. கோபாலசாமி அப்புறம் இங்க தலைமைச் செயலாளரா வந்தார், ஆபரேஷன் பண்ணிக்கிற ஆம்பளைங்களுக்கு ஊக்கத்தொகைன்னு அம்பதுகளோட கடைசிலயே இங்க நடந்துச்சு. எம்பது தொண்ணூறுகள்ல ஐஏஎஸ் அதிகாரி டி.வி. அந்தோணி இதையே மூச்சா பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு கலெக்டரையும் விரட்டுனார். ஆனா அதிகாரிங்க மட்டும் பண்ணி நடக்கிற காரியமா இது? சத்துணவால பொண்ணுங்க பள்ளிக்கூடத்துல தங்குனாங்க, ஆரம்ப சுகாதார நிலையத்தால பிறந்த குழந்தை பொழைச்சுச்சு, மூணு பெத்தா ஒண்ணு தங்கும்ங்கிற பயம் போச்சு, பஸ் வசதி இருந்ததால பொம்பளைங்க வேலைக்குப் போனாங்க. அவ்வளவும் சேர்ந்துதான் உங்க வீட்டுல 'ரெண்டாவது வேண்டாம்'னு சொல்ற இடத்துக்கு வந்திருக்கு. அவங்க சொன்னா சொன்னதுதான் தம்பி, எம்பி சீட்டுக்காக மாத்திக்கச் சொல்லாதீங்க. 2024ல, அப்ப முதலமைச்சரா இருந்த ஸ்டாலின் ஒரு கல்யாண மேடையில பதினாறு பெத்துக்கலாமான்னு கிண்டலா பேசுனார், சந்திரபாபு நாயுடுவும் அதே வாக்குல ஆந்திராவுல பேசுனார், அடுத்த வருஷம் இங்க கொஞ்சம் சீரியஸாவே சொன்னாங்க. பேசட்டும். தென் கொரியாவுல வருஷக்கணக்கா காசைக் கொட்டியும் 2023ல ஒரு பொண்ணுக்கு 0.72 குழந்தைன்னு வந்து நின்னுச்சு. மேடையில சொல்லி யாரும் பெத்துக்கப் போறதில்ல. அப்படியே இன்னைக்கு எல்லாரும் பெத்துக்கிட்டாலும் அந்தக் குழந்தை உங்க யூனிட்ல மெஷின்ல உக்கார இருபது வருஷம் ஆகும், அப்ப அது உங்க யூனிட்டுக்கு வரவும் வராது, கோயம்புத்தூர்ல ஐடி கம்பெனியில இருக்கும்.

இப்ப உங்க பள்ளிக்கூடத்துக்கு வர்றேன், ஏன்னா நம்ம ஜனம் நகர்ற கதை அங்கதான் இருக்கு. 'வடக்கத்தி ஆளுங்க வந்தாங்க, நாம காலி ஆனோம்'னு ரெண்டையும் சேர்த்துப் பார்க்கிறீங்க. காலி ஆனது வேற காரணத்தால. 2001க்கும் 2011க்கும் நடுவுல காஞ்சிபுரம் மாவட்டம் கிட்டத்தட்ட 39 பர்சன்ட் கூடுச்சு, திருவள்ளூர் 35, உங்க திருப்பூர் 29. சென்னை ஏழுதான், உள்ள இடமே இல்ல. நீலகிரியில 7.62 லட்சம் பேர் 7.35 லட்சமா குறைஞ்சுட்டாங்க, மாநிலத்துல குறைஞ்ச ஒரே மாவட்டம் அதுதான். பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்துச்சு, ஊட்டியில இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஃபேக்டரி படுத்துச்சு, பிள்ளைங்க மேட்டுப்பாளையம் இறங்கி உங்க ஊருக்கும் கோவைக்கும் வந்துட்டாங்க. இலங்கையில இருந்து சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துல திருப்பி அனுப்பப்பட்டு வந்தவங்களுக்காகன்னு அரசாங்கமே தேயிலைத் தோட்டம் போட்டுக் குடுத்த மலை அது, இன்னைக்கு அந்த மலைத் தோட்டங்கள்ல ஜார்கண்ட், அஸ்ஸாம் ஆளுங்க கொழுந்து பறிக்கிறாங்க. யாரும் யாரையும் துரத்தல. பேரப்பிள்ளைங்க மலையை விட்டு இறங்குனாங்க, காலியான லைன் வீட்டுல (தோட்டத் தொழிலாளிங்க தங்குற வரிசை வீடு) வேற ஆள் ஏறுனாங்க, நடந்த வரிசை இதுதான்.

2011 சென்சஸ்ல, பிறந்த ஊரையோ முன்னாடி இருந்த ஊரையோ விட்டு வேற ஊர்ல இருக்கிறவங்கன்னு தமிழ்நாட்டுல 3.13 கோடி பேர். பத்து வருஷம் முன்னாடி அது 1.58 கோடி. 'அய்யோ 3 கோடி'ன்னு இதையும் ஒருத்தர் பார்வேர்டு பண்ணுவார், பாருங்க. அதுல பெரும்பான்மை நம்ம ஆளுங்க, தமிழ்நாட்டுக்குள்ளயே ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்குப் போனவங்க. கல்யாணம் ஆகி புருஷன் ஊருக்குப் போன பொண்ணுங்க அதுல ஒரு பெருங்கூட்டம். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல வல்லம் வடகால்ல 18,720 பேர் தங்குற மாதிரி 2024ல பொண்ணுங்களுக்கு ஹாஸ்டல் திறந்தாங்களே, அங்க தங்குறது யாரு? பெரும்பாலும் வெளி மாவட்டத்துல இருந்து செல்போன் லைனுக்கு வர்ற நம்ம பொண்ணுங்க. அந்தப் பொண்ணுங்களோட சொந்த ஊர்ப் பள்ளிக்கூடங்கள்லயும் இனி இருபது பிள்ளைங்கதான் இருக்கும், அங்க ஒரு ஒடிசாக்காரர் கூட இல்லாமலே. உங்க பள்ளிக்கூடத்துல இருக்கிற பாதி வடக்கத்திப் பிள்ளைங்கதான் இன்னைக்கு அதை மூடாம வெச்சிருக்காங்கன்னு ஹெட்மாஸ்டர்கிட்ட கேட்டா அவரே சொல்லுவார், அந்தப் பிள்ளைங்க தமிழ்ல எப்படி எழுதுதுன்னும் அப்படியே கேட்டுக்கிட்டு வாங்க.

வெளிய போன நம்ம ஆளுங்களைப் பத்தி நீட்ட வேண்டாம், ஆயிரம் தடவை கேட்டிருப்பீங்க. 2015ல எடுத்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வுல வெளிநாட்டுல மட்டும் 22 லட்சம் தமிழ்நாட்டுக்காரங்கன்னு கணக்கு, சிங்கப்பூர் முதல்ல, அடுத்து அமீரகம். அந்தக் காலத்துல தொழிலாளர் துறை சொன்ன உள்ள வந்தவங்க கணக்கைப் போல ரெண்டு மடங்கு. அறுபதுகள்ல பம்பாய்ல சிவசேனா லுங்கிக்காரங்களைக் கிளப்புன்னு கோஷம் போட்டப்ப மாட்டுனதும் நம்ம ஆளுங்கதான். இது போதும்.

உங்க கடிதத்துல நான் முழுசா ஒத்துக்கிற ஒரு விஷயத்தை நீங்க போகிற போக்குல சொல்லிட்டீங்க, 'நம்ம ஆளுங்க வேலைக்கு வர மாட்டேங்கறாங்க'ன்னு. வர மாட்டேங்கறாங்கதான், ஆனா எந்த வேலைக்கு, எந்த மாதிரி வேலைக்குன்னு பார்க்கணும். உங்க பக்கத்து ஸ்பின்னிங் மில்லுங்கள்ல தொண்ணூறுகள் கடைசில இருந்து 'சுமங்கலி திட்டம்'னு ஒண்ணு ஓடுச்சே, ஞாபகம் இருக்கா. தேனி, திண்டுக்கல், புதுக்கோட்டை, விருதுநகர்னு வறண்ட ஊர்கள்ல இருந்து வயசுப் பொண்ணுங்களைக் கூட்டிட்டு வந்து ஹாஸ்டல்ல வெச்சு, மூணு வருஷம் முடிச்சா கல்யாணத்துக்கு மொத்தமா காசுன்னு சொல்லி வேலை வாங்குனாங்க, கேம்ப் கூலின்னு கோர்ட்டு வரைக்கும் போச்சு. அந்தப் பொண்ணுங்க எல்லாம் தமிழ்ப் பொண்ணுங்க. அந்த ஊர்கள்ல பொண்ணுங்க பிளஸ் டூ தாண்டிப் படிக்க ஆரம்பிச்சதும் ஆள் வரத்து குறைஞ்சுச்சு, ஏஜென்ட்டுங்க ஒடிசாவுக்கும் ஜார்கண்டுக்கும் வண்டி ஏறுனாங்க. மில்லுக்காரங்க தேடுனது வடக்கத்தி ஆளை இல்ல தம்பி. காம்பவுண்டுக்குள்ளயே தங்குற ஆளு, ஒன்றரை ஷிப்ட்டுன்னா ஒன்றரை ஷிப்ட்டு பார்க்கிற ஆளு, சொந்தக்காரன் சாவுக்கு சாயங்காலமே லீவு கேக்காத ஆளு, சங்கத்துல சேராத ஆளு. அது முன்னாடி தேனியில கிடைச்சுச்சு, இப்ப ஒடிசாவோட கஞ்சம் மாவட்டத்துல கிடைக்குது.

அதனால லோக்கல் ஆளுக்கு நஷ்டம் உண்டான்னா உண்டு, சும்மா மழுப்ப மாட்டேன். ஒரே வேலைக்கு கம்மிக் கூலிக்கு ஆள் இருக்குன்னா உள்ளூர்க்காரன் பேரம் பேச முடியாது, கான்ட்ராக்டர் நடுவுல கை வெச்சது போக மிச்சம்தான் அந்தப் பையன் கைக்குப் போகும், பிஎஃப் இஎஸ்ஐ ரெண்டு பேருக்கும் இருக்காது. ஒரே வேலைக்கு உள்ளூர்க்காரனுக்கும் வெளி மாநிலத்துக்காரனுக்கும் ஒரே கூலின்னு 1979லயே சட்டம் போட்டாச்சு. எத்தனை யூனிட்ல நடந்துச்சு? உங்க எட்டுப் பசங்களுக்கு என்ன ரேட்டு, உள்ளூர் டெய்லருக்கு என்ன பீஸ் ரேட்டுன்னு நான் கேக்கல, உங்களுக்கே தெரியும். கோவம் போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான், தன்பாத் எக்ஸ்பிரஸ் இல்ல.

இன்னொரு பக்கமும் பாருங்க. அவங்க வந்து நிறைஞ்சுடுவாங்கன்னு நீங்க பயப்படுறீங்க, எனக்கு அதுக்கு நேர் எதிரான பயம். அதே 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுக் கணக்குல ஒடிசாவுல ஒரு பொண்ணுக்கு 1.8 குழந்தை, அதாவது நம்ம அளவேதான். மேற்கு வங்கம் 1.6, நம்மளவிடக் கம்மி. அஸ்ஸாம் 1.9. ஜார்கண்ட் 2.3, உத்தரப் பிரதேசம் 2.4. பீகார் ஒண்ணுதான் 3ல நிக்குது, அதுவும் 2005-06ல 4 இருந்தது. உங்க யூனிட் பசங்களுக்கு அண்ணன் தம்பி மூணு நாலு பேர் இருக்கலாம், அவங்களுக்குப் பிறக்கப் போறது ஒண்ணோ ரெண்டோதான். இன்னும் பதினஞ்சு இருபது வருஷத்துல ஒடிசாவுலயே ஆள் தேடுவாங்க, அங்கயே ஒரு திருப்பூர் வந்துட்டா யாரு டிக்கெட் பணம் சேர்த்துக்கிட்டு இவ்வளவு தூரம் வருவாங்க? 2023 மார்ச்ல பீகார் ஆளுங்களை இங்க அடிக்கிறாங்கன்னு பொய் வீடியோ பரவுனப்ப என்ன நடந்துச்சுன்னு நீங்க கண்ணால பார்த்திருப்பீங்க. ஹோலிக்கு ஊருக்குப் போறவன் திரும்பி வருவானா மாட்டானான்னு முதலாளிங்க தூக்கம் கெட்டுக் கிடந்தாங்க, போலீஸ் இந்தியில வீடியோ போட்டுச்சு, பீகார்ல இருந்து அதிகாரிங்க குழு வந்து பார்த்துட்டுப் போச்சு. ஒரு வாட்ஸப் வதந்திக்கே இந்தக் கதி.

அவங்க இங்க ஏன் நிலைக்கலைன்னா, நாம நிலைக்கிற மாதிரி வெக்கல. ஒரு ரூம்ல எட்டுப் பேர், பொண்டாட்டி பிள்ளை ஊர்ல, பாதிச் சம்பளம் மணியார்டருக்குப் பதிலா போன்ல போகுது. குடும்பத்தோட வந்தவனுக்கு வீடு வாடகைக்கு விட மாட்டேங்கறோம். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல வர்ற வெளி மாநில ரேஷன் கார்டுக்கும் இங்க அரிசி வாங்கலாம்னு 2020 அக்டோபர்ல திட்டம் வந்துச்சு, எத்தனை பேருக்கு இது தெரியும், கடைக்காரர் எத்தனை பேருக்கு குடுக்கிறார்ங்கிறது வேற கதை. குடும்பத்தோட இருந்து, பிள்ளை தமிழ்ல படிச்சு, இங்கயே கடனை வாங்கி வீடு கட்டுறவன் பத்து வருஷத்துல உள்ளூர்க்காரன் ஆயிடுவான், கூலியும் உள்ளூர்க் கூலிதான் கேப்பான், அப்பதான் உங்க உள்ளூர் டெய்லருக்கும் பேரம் பேச ஆள் துணை கிடைக்கும். பத்து மாசம் வேலை, ரெண்டு மாசம் ஊர்னு வெச்சிருக்கிற வரைக்கும் கான்ட்ராக்டர் ராஜ்யம்தான். முதியவங்க பதினெட்டு பர்சன்ட் ஆகுற ஊர்ல நமக்கு யாரு வேணும்னு நாமதான் முடிவு பண்ணணும், நம்ம வீட்டுப் பெரியவங்களைப் பார்த்துக்கவே இப்ப வெளிய ஆள் தேடிக்கிட்டிருக்கோம்.

கடைசியா சீட்டுக் கணக்கு. இதுல உங்க கோவம் நியாயம். 1971ல நாம 4.12 கோடி, இன்னைக்கு இருக்கிற பீகார் எல்லைக்குள்ள 4.21 கோடி, கிட்டத்தட்ட சமம். நமக்கு 39, அவங்களுக்கு 40. 2011ல நாம 7.21, அவங்க 10.41 கோடி. ஜனத்தொகையை மட்டும் பார்த்துப் பிரிச்சா நம்ம பங்கு குறையும், அது நல்ல வேலை செஞ்சதுக்கு அபராதம் கட்டுற மாதிரிதான். 1967ல ஒரு தடவை 41ல இருந்து 39க்கு இறங்கியும் இருக்கோம். அதனாலதான் 1976ல எந்த மாநிலத்துக்கு எத்தனை சீட்டுங்கிறதை மாத்தாம கட்டிப் போட்டாங்க, அப்புறம் 2026க்கு அப்புறம் வர்ற முதல் சென்சஸ் வரைக்கும்னு நீட்டுனாங்க. அந்த சென்சஸ்தான் இப்ப வருது, 2027 மார்ச் 1 கணக்கு.

இங்கதான் உங்க குரூப்ல யாரும் யோசிக்காத விஷயம் ஒண்ணு இருக்கு. சென்சஸ் ஆளை எண்ணுறது ஓட்டர் லிஸ்ட்டை வெச்சோ ஆதார்ல இருக்கிற அட்ரஸை வெச்சோ இல்ல, எண்ணுற நாள்ல வழக்கமா எங்க தங்கியிருக்கார்ங்கிறதை வெச்சு. உங்க ஒடிசா பசங்க பிப்ரவரியில பல்லடத்துல இருந்தா அவங்க தமிழ்நாட்டுக் கணக்கு, ஒடிசாவுல அவங்க வீட்டுக் கணக்குல வர மாட்டாங்க. சீட்டைப் பிரிக்கிறதும் மொத்த ஜனத்தொகையை வெச்சுத்தான், அவனுக்கு இங்க ஓட்டு இருக்கா இல்லையாங்கிறது அந்தக் கணக்குக்குத் தேவையே இல்ல. திருப்பூர், ஓரகடம், ஓசூர், அம்பத்தூர்னு ஷெட்டுக்குள்ள இருக்கிற பல லட்சம் பேரை ஒழுங்கா எண்ணுனா அது நம்ம பக்கம் ஏறும், பீகார் பக்கம் இறங்கும். விட்டுட்டா நமக்கு நஷ்டம். சீட்டு போகுதேன்னு ராத்திரி பகலா பார்வேர்டு பண்றவங்கதான் முதல் ஆளா வடக்கத்தித் தொழிலாளியை எண்ணச் சொல்லி நிக்கணும், ஆனா அவங்க கேக்குறது அந்தத் தொழிலாளிங்களைத் திருப்பி அனுப்புன்னு.

கணக்கெடுக்க வர்ற டீச்சர் பகல்ல வருவாங்க, பசங்க மெஷின்ல இருப்பாங்க, ரூம் பூட்டியிருக்கும், பக்கத்து வீட்டுல கேட்டா 'யாரோ இந்திக்காரங்க, தெரியாது'ம்பாங்க, அவ்வளவுதான், எட்டுப் பேரும் எங்கயும் இல்லாத ஆளுங்க ஆயிடுவாங்க. அதனால 2027 பிப்ரவரி வந்ததும் எட்டுப் பேரோட பேர், வயசு, ஊரு, எந்த வருஷம் வந்தாங்க, எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதி யூனிட் கேட்டுல இருக்கிறவர்கிட்ட குடுத்து வைங்க. உங்க பக்கத்து யூனிட்காரர்கிட்டயும் சொல்லுங்க.

அன்புடன்.